வாயிலுக்கு வெளியே ஒரு சமாதி

பண்டரிபுரத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று நம் சங்கத்துத் தாய்மார் சிலர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தனர். மராட்டிய நாட்டில் வந்து குடியேறிய தமிழர்க்குப் பாண்டுரங்கன் புதியவன் அல்லன். தஞ்சையை மராட்டிய மன்னர் ஆண்ட காலத்தில் அபங்கங்கள் காவிரிக்கரைக்கு வந்து சேர்ந்தன; அன்று தொட்டு நம் பஜனை மடங்களில் விட்டலன் பெயர் ஒலித்து வருகிறது. மார்கழிப் பனியில் பாட்டனார் கையைப் பற்றிக்கொண்டு வீதி பஜனையில் நடந்தவர்கள் இவ்விதழைப் படிப்போரில் பலர் இருத்தல் கூடும். பொருள் அறியாமலே நாம் பாடிய பெயர் அது. பிழைப்பை நாடி இப்பக்கம் வந்த பின்னரே, அப்பெயருக்கு உரியவன் குடிகொண்ட ஊர் ஓரிரவுப் பயணத்தில் இருப்பது நம்மிற் பலருக்குத் தெரிந்தது.

ஆஷாட ஏகாதசியன்று அவ்வூரில் கூடும் கூட்டத்தில் முதியவர்களை அழைத்துச் செல்வது எளிதன்று. ஆகவே நெருக்கம் குறைந்த ஒரு நாளைத் தேர்ந்து, சென்ற மாசியில் பதினோரு பேர் புறப்பட்டோம். குர்டுவாடிச் சந்திப்பில் வண்டி மாறி, விடியும் வேளையில் பண்டரி சேர்ந்தோம். பீமா நதி அங்கே பிறைபோல வளைந்து செல்கிறது. அதனால் அவ்விடத்தில் அதற்குச் சந்திரபாகை என்று பெயர். நீராடிவிட்டுக் கிழக்கு வாயிலை நோக்கிச் செல்லும் தெருவில் நடந்தோம். இருமருங்கும் துளசிமாலைக் கடைகள், குங்குமக் குவியல்கள், புக்கா என்னும் கரிய நறும்பொடி விற்போர்.

கோயில் வாயிலின் முதற்படிக்கு நாமதேவர் படி என்று பெயர். அடியார்களின் பாதத் துகள் தம்மீது படவேண்டும் என்று விரும்பிய நாமதேவர் அப்படியின் கீழ் அடங்கியிருக்கிறார் என்பது மரபு. அப்படிக்கு எதிரே, கோயிலுக்கு வெளியே, தெருவிலேயே சிறியதொரு சமாதி இருக்கிறது. சோகாமேளருடையது. நம்முடன் வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, மராத்தி நன்கு படிப்பவள், அங்கிருந்த எழுத்துக்களைக் கூட்டிப் படித்துவிட்டுத் தன் பாட்டியிடம் வினவினாள்: "பாட்டி, இவரை உள்ளேயே விடவில்லையாமே! அப்படியானால் இவர் ஏன் வேறு சாமியைத் தேடிப் போகவில்லை?"

பாட்டி விடை கூறவில்லை. நாமும் கூறவில்லை. வரிசை நகரத் தொடங்கிற்று. அனைவரும் உள்ளே போனோம். ஆயினும் அவ்வினா நம்மோடு ஊர் திரும்பிவிட்டது. இத்திங்கள் இப்பகுதியில் எழுதுவது அச்சிறுமிக்கு நாம் பட்ட கடனை ஒருவாறு அடைப்பதற்காகவே.

சோகாமேளர் மகார் குலத்தில் பிறந்தவர். பதினான்காம் நூற்றாண்டினர். பண்டரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சோளத்துக்குப் பெயர் பெற்ற மங்கள்வேடா என்னும் ஊரில் வாழ்ந்தார். ஊர் எல்லையைக் காப்பதும், இறந்த மாடுகளை அப்புறப்படுத்துவதும், ஊர்ச்சுவரைச் செப்பனிடுவதும், ஓலை கொண்டு ஓடுவதும் அக்குலத்தாருக்கு ஊரார் விதித்த பணிகள். கூலியாகக் கிடைத்தது பெரும்பாலும் பிறர் உண்டு எஞ்சியது. இத்தகைய வாழ்க்கையில் இருந்த ஒருவருக்கு நாமதேவர் என்னும் தையற்காரரின் பாட்டு காதில் விழுந்தது. அன்றிலிருந்து விட்டலன் அவரை அழைத்துக்கொண்டே இருந்தான். விட்டலனின் வாயில் அவரை விலக்கிக்கொண்டே இருந்தது. அவர் வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டிற்கும் நடுவில் கழிந்தது.

மரபுக் கதைகள் பல உண்டு. மகீபதி என்பார் 1762-இல் பாடி முடித்த பக்தவிஜயம் அவற்றைத் திரட்டித் தந்தது. ஓரிரவு விட்டலனே வெளியே வந்து, சோகாவின் கையைப் பிடித்துக் கருவறைக்குள் அழைத்துச் சென்றான் என்பர். அதை அறிந்த அர்ச்சகர்கள் வெகுண்டு, தீட்டுப் பட்டது என்று கூறி, அவரை ஆற்றுக்கு அப்பால் போய் இருக்கும்படி விரட்டினர். சோகா மறுகரைக்குப் போனார். போனவர் மங்கள்வேடாவுக்குத் திரும்பிவிடவில்லை. கோயில் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து ஒரு தீபத்தூண் எழுப்பி விளக்கேற்றினார். ஆற்றுக்கு இப்பால் விட்டலன். அப்பால் ஒரு விளக்கு.

அதன்பின் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதை நமக்கு மிகவும் பிடித்தது. சோகா வேப்பமரத்தடியில் உண்ண அமர்ந்தபோது விட்டலனும் உடன் உண்ண வந்தானாம். மனைவி சோயராபாய் பரிமாறுகையில் கைதவறித் தயிர் அவன் ஆடைமேல் சிந்திவிட்டது. "பார்த்துப் பரிமாறு, விட்டலனின் பட்டாடை நனைந்துவிட்டது" என்று சோகா கடிந்துகொண்டார். அவ்வழியே சென்ற ஓர் அர்ச்சகர் காதில் இது விழுந்தது. மகாரின் வீட்டில் விட்டலன் உண்பதா என்று சினந்து சோகாவின் கன்னத்தில் அறைந்தார். பிறகு ஆற்றில் தலைமுழுகிவிட்டுக் கோயிலுக்குள் போய்ப் பார்த்தால், இறைவன் திருவுருவத்தின் ஆடையில் தயிர், கன்னத்தில் வீக்கம்.

கதை நடந்ததா என்று ஆராய்வது நம் வேலையன்று. ஆனால் இக்கதையைக் கட்டியவர்கள் யாரானாலும் ஒன்றைத் தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். இதை நம் நாட்டு நந்தனார் கதைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

ஆதனூரில் பிறந்த திருநாளைப்போவார் தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அப்பெயர் பெற்றார். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகிற்று. தில்லைக்கு வந்தபோது எல்லையிலேயே நின்று ஊரை வலம் வந்தார். பின்னர் இறைவன் கனவில் பணித்தவாறு தீயில் இறங்கி, பூணூலும் சடையும் உடைய முனிவராக எழுந்து, திருமன்றத்துள் புகுந்து மறைந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் வரலாறு இது. நாம் இளமையில் இதைக் கதாகாலட்சேபத்தில் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறோம். ஆயினும் அந்தத் தீயை எண்ணும்போது நம் உள்ளம் சற்றே தயங்குவதுண்டு. நந்தனார் உள்ளே போனார், உண்மை, நந்தனாராகப் போனாரா?

சோகாவின் கதையில் தீ இல்லை. பூணூல் இல்லை. அவர் மாறவே இல்லை. மகாராகப் பிறந்தார், மகாராகவே மறுகரையில் இருந்தார். அடியார் உள்ளே போகவில்லை. ஆண்டவன் வெளியே வந்தான். அடி வாங்கினவர் அவர். வீங்கினது இறைவன் கன்னம். இரு நாட்டார் ஒரே துயரத்துக்கு இரு விதமாக முடிவு கண்டிருக்கிறார்கள். தமிழராகிய நாம் மராட்டியரிடம் இந்த ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்வதில் இழுக்கு ஏதும் இல்லை என்பது நம் கருத்து.

இனிச் சிறுமியின் வினாவுக்கு வருவோம். அவர் ஏன் போகவில்லை?

பொறுமைசாலி, அதனால் போகவில்லை என்பது பலர் கூறும் விடை. உற்சவ மேடைகளில் இவ்விடையைக் கேட்டிருக்கிறோம். வாயிலுக்கு உள்ளே இருப்பவர்கள் வெளியே நிற்பவனின் பொறுமையைப் புகழ்வது மிக எளிது. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சோகாவின் அபங்கங்களைப் படித்தவர்கள் அவரை வாய்பேசாப் பொறுமைசாலி என்று சொல்லமாட்டார்கள். அவர் பெயரால் முந்நூறுக்கு மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன. மகார்கள் பிறரைக் கண்டால் சொல்லவேண்டிய 'ஜோஹார்' என்னும் வணக்கச் சொல்லை வைத்தே இறைவனிடம் பேசும் பாடல்கள் அவற்றுள் உண்டு. கரும்பை உவமையாக்கிப் புறத்தோற்றத்தைப் பார்த்து மயங்குவோரை இடித்துரைக்கும் பாட்டு மராட்டியச் சிறுவர்க்கும் தெரியும். தூய்மை தூய்மை என்று கூத்தாடுகிறீர்களே, பிறப்பிலும் இறப்பிலும் தீட்டில்லாத பொருள் எது என்று கேட்கும் பாடல்களும் உண்டு. முற்பிறவிப் பிழையால் இப்பிறவி வாய்த்தது என்று தம்மையே நொந்துகொள்ளும் பாடல்களும் இருக்கின்றன. அவற்றை மறைப்பது நேர்மையன்று. ஒருவர் நாற்பது ஆண்டு வாயிலில் நின்றால் எல்லா மனநிலையும் வந்து போகத்தான் செய்யும்.

அவர் இல்லம் முழுவதும் பாடிற்று என்பதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. மனைவி சோயராபாய் பாடினாள். தங்கை நிர்மலா பாடினாள். நிர்மலாவின் கணவர் பங்கா பாடினார். மகன் கர்மமேளா பாடினான். தீட்டில்லாத உடம்பு எங்கே இருக்கிறது, உடம்பே அதில்தானே தோன்றுகிறது என்னும் கருத்தை அக்காலத்தில் ஒரு பெண்மணி, அதுவும் எழுத்தறியும் வாய்ப்பில்லாத குலத்துப் பெண்மணி, பாடினாள் என்றால் வீட்டில் எப்படிப்பட்ட பேச்சு நடந்திருக்க வேண்டும்! எல்லா நிறங்களும் ஒரே நிறமாயின என்று விட்டலனைக் கண்ட மகிழ்ச்சியை அவள் பாடிய அபங்கத்தைக் கிஷோரி அமோன்கர் பாடக் கேட்டவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். பாடியவர் யார் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. நமக்கே அண்மையில்தான் தெரிந்தது.

கர்மமேளா பிறந்தபோது தந்தை வீட்டில் இல்லை; சோயராபாய் தனியாகத் தவித்தபோது விட்டலன் நிர்மலாவின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தான் என்று ஒரு கதை உண்டு. அவ்வாறு பிறந்த மகன் வளர்ந்து பாடிய பாடல்களில் தந்தையின் கனிவு இல்லை. எங்களை ஏன் இப்படிப் படைத்தாய், எச்சிலை உண்ணவைத்துவிட்டு எங்கே ஒளிந்தாய் என்னும் தொனியில் அவன் இறைவனை நேராக நின்று கேட்கிறான். தந்தை அவனை அடக்கியதாக எந்தக் கதையிலும் நாம் காணவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவர் உருகினார், ஒருவர் வாதாடினார், ஒருவன் சினந்தான்; அனைத்தும் விட்டலனை நோக்கியே. பிற ஊரில் வந்து பிள்ளைகளை வளர்க்கும் நாம், நம் மக்கள் பக்தியைப் பற்றி ஒரு குறுக்குக் கேள்வி கேட்டவுடன் எவ்வளவு பதறுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தோம்.

1338-இல் மங்கள்வேடாவின் மதிற்சுவரை எழுப்பும் வேலைக்குச் சோகா அனுப்பப்பட்டார். சுவர் இடிந்து விழுந்தது. அவரும் உடன் வேலை செய்தோரும் மண்ணில் புதைந்தனர். சில நாள் கழித்து நாமதேவர் அவர் எலும்புகளைத் தேடி வந்தார். குவிந்து கிடந்த எலும்புகளில் எவை சோகாவினுடையவை என்று எப்படிக் காண்பது? ஒவ்வோர் எலும்பாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார் என்றும், விட்டல, விட்டல என்று ஒலித்தவற்றை மட்டும் பொறுக்கினார் என்றும் சொல்வர். அவற்றைப் பண்டரிக்குக் கொண்டுவந்து வாயிலுக்கு எதிரே அடக்கம் செய்தார். அதற்கு மேல் கொண்டுபோக நாமதேவராலும் இயலவில்லை.

இனிச் சொல்லப்போவது கதையன்று, வரலாறு. அடியவரைப் போற்றுவதற்காக எழுந்த அச்சமாதியே பிற்காலத்தில் எல்லைக் கல்லாகிவிட்டது. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோர் வாரகரிகளோடு அபங்கம் பாடிக்கொண்டு காதவழி நடந்து வருவர். சோகாவின் சமாதி வரையில் வரலாம், அதற்குமேல் ஓரடி வைத்தல் கூடாது. சோகாவுக்கு நிகழ்ந்ததைச் சோகாவைக் காட்டியே மற்றவர்க்கும் செய்தார்கள்! உங்கள் மகானே இங்கேதானே நின்றார், உங்களுக்கு என்ன என்று.

அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் அதை மாற்ற முன்வந்தவர் சானே குருஜி. பாண்டுரங்க சதாசிவ சானே என்பது அவர் இயற்பெயர். விட்டலனின் பெயரே அவர் பெயரும். தாயன்பைச் சொல்லும் 'ச்யாம்சீ ஆயீ' என்னும் நூலால் மராட்டிய வீடுகளில் எல்லாம் அறிமுகமானவர். நமக்கும் அவர் உறவினர்தாம்: விடுதலைப் போரில் திருச்சிச் சிறையில் இருந்தபோது தமிழ் கற்றுத் திருக்குறளை மராத்தியில் பெயர்த்தவர் அவர். பண்டரிக் கோயில் அனைவர்க்கும் திறக்கப்பட வேண்டும் என்று சில மாதங்கள் ஊர் ஊராகச் சென்று பேசினார். பின்னர் 1947 மே 1-ஆம் நாள் பண்டரியிலேயே உண்ணாநோன்பு தொடங்கினார். பத்தாம் நாள் கோயில் திறக்க இசைவு வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் 1939 ஜூலை 8-இலேயே திறந்துவிட்டதை நினைத்துத் தமிழர் பெருமைப்படலாம். ஆனால் மிகவும் பெருமைப்பட வேண்டாம். நம் சிற்றூர்களின் கதை நமக்குத் தெரியாததன்று.

ஆனால் 1947-க்குள் சோகாவின் குலத்தாரில் பெரும்பாலோர் மனம் வாயிலை விட்டு அகன்றுவிட்டது. 1907-இல் நாகபுரியில் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய கிசன் பாகோஜி பன்சோடே அதற்குச் சோகாமேளர் பெயரையே வைத்தார். அப்பெயர் அன்று தலைநிமிரச் செய்யும் பெயராக இருந்தது. பின்வந்த தலைமுறைக்கு அப்பெயரே கசந்தது. நின்றதும் பாடியதும் போதும், கதவு திறந்ததா என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியில் பிழை காண நம்மால் இயலவில்லை. 1930-இல் நாசிக் காளாராம் கோயிலில் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஆண்டுக்கணக்கில் நீண்டும் கதவு திறக்கவில்லை. அவர் மனைவி ரமாபாய் பண்டரிக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டபோது, பக்தரைத் தொலைவில் நிறுத்தும் பண்டரி நமக்கு எதற்கு, வேறொரு பண்டரியை நாமே உண்டாக்குவோம் என்று தேற்றினார் என்பர். ரமாபாய் 1935-இல் காலமானார். பண்டரியைக் காணவில்லை. 1956-இல் அம்பேத்கரும் அவரைப் பின்பற்றிய இலட்சக்கணக்கானோரும் புத்தம் தழுவினர்.

ஆகவே, குழந்தாய், நீ கேட்ட கேள்வியைச் சோகாவின் குலமே கேட்டிருக்கிறது. கேட்டுப் போயும் இருக்கிறது. போனவர்கள் அவரைப் பழிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து 1948-இல் அம்பேத்கர் வெளியிட்ட நூலை அவர் மூவருக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் ரவிதாசர். ஒருவர் சோகாமேளர். மற்றொருவர் நம் நந்தனார். மதம் மாறுவதென்று தீர்மானித்துவிட்ட ஒருவர், வாயிலில் நின்ற மூவரை நூலின் முகப்பில் நிறுத்தி வணங்கியிருக்கிறார்.

சோகா ஏன் போகவில்லை என்பதற்கு நமக்குத் தோன்றுவது இது: அவரை விலக்கியவர்கள் விட்டலனின் சார்பில் பேசுகிறார்கள் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் போயிருப்பார். கோயில் அவர்களுடையதாய் இருக்கலாம், கதவும் பூட்டும் அவர்களுடையனவாய் இருக்கலாம். அழைத்தவன் அவர்களுடையவன் அல்லன் என்று அவர் உறுதியாய் இருந்தார். அவர்கள் துரத்தியதற்காக அவனை விட்டுப்போவதென்றால், அவன் அவர்கள் சொத்து என்று எழுதிக்கொடுத்தது போலாகும். அந்த ஒரு கையெழுத்தை அவர் போடவில்லை. அம்பேத்கர் காலத்தார் விட்டுச் சென்றது கதவையும் பூட்டையும் என்றே நமக்குப் படுகிறது. இரு சாராரையும் ஒருவர்க்கொருவர் பகையாக்கிப் பேசுவதில் நமக்கு விருப்பமில்லை.

இன்று பண்டரியில் பரம்பரை அர்ச்சகர்களின் உரிமை இல்லை. 2014-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்போடு அது முடிந்தது. அவ்வாண்டே பெண்களையும் பிற வகுப்பினரையும் பூசைக்கு அமர்த்தும் ஏற்பாடு தொடங்கிற்று. சமாதி மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அன்று தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது பாட்டியைக் காணவில்லை. கூட்டத்தில் தவறிவிட்டாரோ என்று அஞ்சித் தேடினோம். சோகாவின் சமாதியண்டை உட்கார்ந்திருந்தார். விட்டலனுக்கென்று காலையில் பேரம் பேசி வாங்கிய துளசிமாலை இரண்டில் ஒன்று அங்கே கிடந்தது. பேத்தி அருகில் போய், "உள்ளே போடத்தானே பாட்டி இரண்டு வாங்கினாய்?" என்று கேட்டாள். "முழங்கால் வலிக்கிறது, கொஞ்சம் கைகொடு" என்று சொல்லிவிட்டுப் பாட்டி எழுந்தார்.